எஸ்யூவியை நடமாடும் வீடாக்குவது: எடைச் சீட்டில் தொடங்கும் வேலை

பிளைவுட் வாங்குவதற்கு முன், மெத்தைக்கு அளவெடுப்பதற்கு முன், வண்டியை எடை மேடையில் ஏற்றுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. மாங்கூழ் ஆலை, கிரானைட் குவாரி, புளி மண்டி என்று எது இருந்தாலும் பக்கத்தில் ஒன்று இருக்கும். டீசல் டேங்கை நிரப்பி, ஸ்டெப்னியும் ஜாக்கியும் உள்ளே இருக்க, ஆட்கள் இறங்கிக்கொண்டு முழு வண்டியையும் ஒருமுறை நிறுங்கள். பிறகு முன்சக்கரங்கள் மட்டும் மேடையில், அடுத்துப் பின்சக்கரங்கள் மட்டும். மூன்று சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். லாரிக்கான 60 டன் மேடை பெரும்பாலும் 10 கிலோ படியில்தான் காட்டும், இந்த வேலைக்கு அது போதும்.

இப்போது ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து சீட்டில் உள்ள எடையைக் கழியுங்கள். மிச்சம்தான் உங்களுக்கு உள்ள இடம். எடுத்துக்காட்டாக மொத்த எடை 2,510 கிலோ, டேங்க் நிரம்பிய வண்டி 1,900 கிலோ என்றால் 610 கிலோ மீதம். ஏழு பேர் உட்காரும் வண்டியில் இரண்டு பேர்தானே போகிறோம், இதெல்லாம் ஒரு பாரமா என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள்: ஆட்கள் இருவர் 140, கட்டில் சட்டமும் இழுப்பறைகளும் 65, மெத்தை போர்வை 20, பேட்டரி ஒயரிங் 25, சாமான் நிரப்பிய ஃபிரிட்ஜ் 35, தண்ணீர் 40, கேஸும் அடுப்பும் 18, பாத்திரம் மளிகை 40, துணிமணி 35, டூல்ஸ் உதிரிபாகம் கம்ப்ரசர் 35, மேலே கேரியரும் பக்கவாட்டுப் பந்தலும் 45. மொத்தம் 498. மீதமிருப்பது 112 கிலோ. உள்ள இடத்தில் 15 சதவீதமாவது காலியாக விட வேண்டும் என்பது நல்ல கணக்கு, இங்கே அது 92 கிலோ. ஆக, இரும்புப் பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) மாட்டலாம் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பு இந்த இடத்திலேயே முடிகிறது.

சட்டம் அனுமதிப்பது எவ்வளவு

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஆர்சியில் இருக்கை எண்ணிக்கை எழுதியிருக்கிறது. அதனால் நடுவரிசை, கடைசி வரிசை இருக்கைகளை நிரந்தரமாக எடுப்பதும் மாற்றம்தான். வேலை தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, ஒப்புதலை ஆர்சியில் ஏற்றிக்கொள்ளுங்கள். டிஎன் 29, டிஎன் 24, டிஎன் 70 என எந்தப் பதிவாக இருந்தாலும் இதே முறைதான். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் கடிதம் கொடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டியே விபத்து நேரத்தில் இழப்பீட்டை மறுக்க முடியும்.

கூரையை வெட்டிக் காற்றாடி வைப்பது, சேஸிஸை நீட்டுவது, அளவு மீறிய டயர் போடுவது இவை மூன்றும் வேண்டாம். கிராஷ் கார்டுக்கும் 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் தடை சொல்லிவிட்டது. அது முன்பக்க ஏர்பேக் சென்சாரின் கணக்கையும் கெடுக்கும். இந்த வழிகாட்டியில் வருவதெல்லாம் போல்ட்டில் நிற்பவை. ஸ்பேனர் இருந்தால் அரை நாளில் கழற்றி, இருக்கைகளை மறுபடி மாட்டிவிடலாம். கழற்றிய இருக்கைகளைப் பாலிதீன் சுற்றி எலி போகாத இடத்தில் வையுங்கள். மாட்டுத் தொழுவம் அதற்கான இடமில்லை.

கட்டில்

முன்னிருக்கைகளை ஓட்டுவதற்கு வசதியான நிலையில் வைத்துவிட்டு, அவற்றின் முதுகிலிருந்து பின்கதவு வரை டேப் பிடியுங்கள். இருக்கையை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு அளந்தால் 183 செ.மீ. தாராளமாக வரும், ஆனால் நாள் முழுக்க முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். நீளம் போதாத வண்டியில் தலைப்பக்கம் 40 செ.மீ. பலகையைக் கீல் வைத்து மடக்குங்கள். இரவில் மட்டும் முன்னிருக்கையைத் தள்ளி விரித்துக்கொள்ளலாம்.

அகலத்துக்குச் சக்கர மேடுகள் எல்லை. அவற்றுக்கு மேலே கட்டிலை வைத்தால் இரண்டு பேருக்கு 120 செ.மீ. கிடைக்கும். உயரம் 28 முதல் 30 செ.மீ. அதற்கு மேல் ஏற்றினால் உட்கார்ந்து சாப்பிடும்போது தலை கூரையில் முட்டும், குறைத்தால் இழுப்பறையில் குக்கர் நுழையாது. கடைக்குப் போகும்போது குக்கரைக் கையோடு கொண்டுபோய் அளவு பாருங்கள். கேலியாகத் தெரிந்தாலும் இழுப்பறையின் உயரத்தை முடிவு செய்வது அதுதான்.

கட்டில் சட்டத்துக்கு 25க்கு 25 மி.மீ., 2 மி.மீ. கனமுள்ள இரும்புச் சதுர பைப் போதும். மீட்டருக்கு 1.4 கிலோ, மொத்தம் 16 மீட்டர் செலவாகும், அதாவது 23 கிலோ. கேட் அடிக்கும் வெல்டிங் பட்டறையில் 3 மி.மீ. பைப் போடச் சொல்வார்கள். பழக்கம் அப்படி. மறுத்துவிடுங்கள், அதிலேயே 10 கிலோ கூடிவிடும். ஓசூர் சிப்காட் பக்கம் லேசர் கட்டிங் செய்யும் சிறு பட்டறைகள் இருப்பதால், பைப்பை இருக்கை போல்ட்டோடு இணைக்கும் 5 மி.மீ. தகடுகளை அங்கே வெட்டி வாங்கலாம். கேஸ் கட்டிங்கில் செய்தால் ஓட்டைகள் நேர்கோட்டில் வராது.

மேல்பலகை 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. இழுப்பறைக்கு 9 மி.மீ. போதும். வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு கோட் பாலியூரித்தேன் அடிக்காமல் விட்டால், முதல் மழையில் ஈரச் செருப்பு பட்ட ஓரம் ஊதும். மேல்பலகையில் 10 செ.மீ. ஹோல் சா கொண்டு முப்பது ஓட்டை போடுங்கள். குறையும் எடை இரண்டே கிலோ. மெத்தைக்கு அடியில் காற்றுப் போவதுதான் ஆதாயம். ஓட்டை இல்லாத பலகையில் மெத்தையின் அடிப்பக்கம் இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். தளி, ஓசூர்க் குளிரில் இன்னும் சீக்கிரம். மெத்தைக்கு 40 டென்சிட்டி ஃபோம், 7.5 செ.மீ. இலவம்பஞ்சு முதுகுக்குச் சுகம், ஆனால் வண்டி ஆட்டத்தில் ஒரு மூலையில் திரண்டுவிடும்.

சட்டத்தைத் தரையோடு பிணைப்பதில்தான் உயிர் இருக்கிறது. இருக்கை கழற்றிய இடத்து ஒரிஜினல் போல்ட் ஓட்டைகளை மட்டும் பயன்படுத்துங்கள். தரையில் புதிதாக டிரில் போட்டால் அடியில் டீசல் டேங்க், பிரேக் பைப், ஒயர்க் கட்டு எது மாட்டும் என்று மேலிருந்து தெரியாது. போல்ட் தலையில் 8.8 என்று அச்சு இருக்க வேண்டும், சாதா ஹார்டுவேர் போல்ட் ஆகாது. எம்10 என்றால் 45 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்குங்கள். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அந்த போல்ட்டுக்கு வேறு அளவு இருந்தால் அதுவே செல்லும். பெல்ட் மாட்டும் ஓட்டைகளின் மரை பெரும்பாலும் எம்10 இல்லை, அங்குலக் கணக்கு. கையால் சுற்றும்போது இரண்டு சுற்றிலேயே இறுகினால் நிறுத்திவிடுங்கள், ரெஞ்ச் போட்டு ஏற்றினால் மரை போய்விடும். இரும்பும் மரமும் தொடும் இடமெல்லாம் 3 மி.மீ. ரப்பர் பட்டை ஒட்டுங்கள். இல்லையென்றால் கிறீச் சத்தம் பென்னாகரம் தாண்டுவதற்குள் பொறுமையைத் தின்றுவிடும்.

இழுப்பறைக்கு வீட்டுக் கிச்சனுக்குப் போடும் சாதா சேனல் போதாது. 45 கிலோ தாங்குவது ஒரு இழுப்பறைக்கு, 100 கிலோ தாங்கும் லாக் உள்ள சேனல் அடுப்பு வைக்கும் இழுப்பறைக்கு. சேனல் லாக்கை மட்டும் நம்பாமல் வெளியே ஒரு தாழ்ப்பாளும் வையுங்கள். வத்தல்மலை போன்ற ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கியதும் இழுப்பறையின் முழு பாரமும் பின்கதவின் மேல் சாயும், கதவைத் திறக்கும் கை மாட்டிக்கொள்ளும்.

ஃபிரிட்ஜும் மின்சாரமும்

மேலே திறக்கும் 35, 40 லிட்டர் ஃபிரிட்ஜ் 40 செ.மீ.க்கு மேல் உயரம் வரும், கட்டிலுக்கு அடியில் நுழையாது. நடுவரிசை இருக்கை எடுத்த இடத்தில் கால் வைக்கும் பள்ளம் டிக்கித் தரையைவிடத் தாழ்வாக இருக்கும். அங்கே வைத்தால் மூடி கட்டில் மட்டத்துக்கு வந்து சேரும், தலைப்பலகை அதன்மேல் படுத்துக்கொள்ளும். கம்ப்ரசர் பக்கம் 5 செ.மீ. இடைவெளியும் வெப்பம் வெளியேற வழியும் கட்டாயம். அதை அடைத்துவிட்டால் ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடி பேட்டரியைக் குடிக்கும். ஃபிரிட்ஜைச் சட்டத்தோடு ராட்செட் பெல்ட்டால் கட்டுங்கள்.

ஒருநாள் கணக்கு இது: ஃபிரிட்ஜ் நம் வெயிலில் 35 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரிக் கொள்ளளவின் அலகு), கால் ஆம்பியர் இழுக்கும் இரண்டு சிறு ஃபேன் இரவு முழுக்க 5, விளக்கு 3, போனும் லேப்டாப்பும் 12. மொத்தம் 55. ஆகவே 100 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றரை நாள் தாங்கும். 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரத்தால் இந்த பேட்டரியை நிரப்பும் கருவி) இருந்தால், தருமபுரியிலிருந்து ஓசூர் போய்ச் சேரும் நேரத்தில் அன்றைக்குச் செலவான மின்சாரம் ஏறக்குறைய திரும்பிவிடும். தினமும் ஓடும் வண்டிக்கு சோலார் அவசியமில்லை. இரண்டு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் 100 வாட் பேனல் ஒன்று. அதற்காகவும் வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டும், உள்ளே படுக்க முடியாது. அதனால் மடக்கி எடுத்துத் தரையில் விரிக்கும் பேனலே நல்லது.

பழைய முறையில் ஒரு ரிலே வைத்து இரண்டு பேட்டரியையும் இணைக்கச் சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் இன்னும் உண்டு. ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜைக் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கும் புதிய வண்டிகளில் லித்தியம் அப்படி நிரம்பாது. வோல்ட்டேஜ் நிலையாக இருக்கும் பழைய வண்டியிலோ காலியான லித்தியம் கட்டுப்பாடில்லாமல் கரண்ட்டை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றும். டிசி-டிசி சார்ஜர்தான் போட வேண்டும். அதன் இக்னிஷன் ஒயரை மறக்காமல் இணையுங்கள். விட்டுவிட்டால் சில சார்ஜர்கள் வண்டி நிற்கும்போதும் ஸ்டார்ட்டர் பேட்டரியை உறிஞ்சி, காலையில் தள்ளு ஸ்டார்ட்டுக்கு ஆள் தேட வைக்கும்.

ஒயர் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது. இன்ஜின் அறையிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர் என்று வையுங்கள். 30 ஆம்பியர் ஓடும்போது 6 சதுர மி.மீ. ஒயரில் 0.9 வோல்ட் விழும், 10-இல் 0.55, 16-இல் 0.35. எனவே 16 போடுங்கள். வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ், லித்தியம் பேட்டரியின் பக்கமும் அதே அளவில் ஒன்று. இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது, ஒயர் நடுவில் உரசினால் இரண்டு பக்கமிருந்தும் தீ வரும். பயர்வால் (இன்ஜின் அறையைப் பிரிக்கும் தகடு) ஓட்டையில் ரப்பர் குரோமெட், மற்ற இடங்களில் வளைநெளிக் குழாய். ஒயர் முனையில் மாட்டும் லக்குகளைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள். பெயின்ட்டின் மேல் எர்த் போல்ட் போடுவது எல்லோரும் செய்யும் தவறு. தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, போல்ட் போட்டபின் கிரீஸ் தடவுங்கள்.

லித்தியம் பேட்டரியை இன்ஜின் அறையில் வைக்காதீர்கள், கட்டிலுக்கு அடியில் தரையோடு தரையாக இருக்கட்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. லடாக் போகிறவர்கள் குளிரில் சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

மிக்ஸி? 500 வாட் மிக்ஸிக்கு 1,000 வாட் பியூர் சைன் இன்வெர்ட்டர், 35 சதுர மி.மீ. ஒயர், 125 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும். ஒரு கரண்டிச் சட்னிக்கு இத்தனையா என்றால், பருப்புப்பொடியும் எள்ளுப்பொடியும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். இண்டக்‌ஷன் அடுப்பு இந்த பேட்டரிக்குச் சரிப்படாது.

தண்ணீர், அடுப்பு, காற்று

20 லிட்டர் கேன் இரண்டு. ஒரே பெரிய டேங்க் என்றால் பாதி காலியானதும் தண்ணீர் அலைந்து வண்டியைத் தள்ளாட வைக்கும், நிரப்ப ஹோஸும் வேண்டும். கேனைக் கையில் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகலாம். அந்தக் குழாய் எது என்பதில் இந்த இரண்டு மாவட்டங்களிலும் கவனம் தேவை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகப் போட்டதுதான். போர்வெல், அடிபம்புத் தண்ணீரைக் கழுவ மட்டும் வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர் வரும் குழாய் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற செறிவு கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டரும் யுவி விளக்கும் அதைத் தொடாது.

வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள், அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும் தரப்படுவது. 5 கிலோ சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, ஓட்டும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கட்டிலுக்கு அடியில் தேங்கும். வாசனை வந்தால் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் கதவுகளைத் திறங்கள். சமையல் எப்போதும் வெளியே, பின்கதவுப் பக்கம். மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு மழைக்குக் கூரையாகும். பொலீரோ போலப் பக்கவாட்டில் திறக்கும் வண்டிக்குத் தார்பாய் வேண்டும்.

இரவில் இரண்டு பேர் விடும் மூச்சிலேயே கண்ணாடி நனைந்துவிடும். எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் இறக்கி, வெளியே ரெயின் வைசர், உள்ளே காந்தம் வைத்த கொசுவலை, ஒரு ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் கம்ப்யூட்டர் ஃபேன். கூரை உட்பக்கமும் கதவுத் தகடுகளிலும் 10 மி.மீ. குளோஸ்டு செல் ஃபோம் ஒட்டினால் சித்திரை வெயிலில் வித்தியாசம் தெரியும். ஆனால் கதவின் அடியில் உள்ள நீர் வடியும் ஓட்டைகளையும், கூரை ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக் விரியும் பாதையையும் மூடிவிடாதீர்கள். ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பேட்டரியில் ஓடும் டிடெக்டர் ஒன்றைத் தலைமாட்டில் மாட்டுங்கள்.

ஸ்ப்ரிங், டயர், மேல் கேரியர்

வேலை தொடங்கும் முன்பே பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதியிருக்க வேண்டும். எல்லாம் ஏற்றிய பிறகு அந்த அளவு 4 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் பின்பக்கம் தொங்குகிறது. ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். காயில் ஸ்ப்ரிங் வண்டிக்கு உள்ளே வைக்கும் காற்றுப் பை, கமான் பட்டை வண்டிக்குக் கூடுதலாக ஒரு பட்டை. இரண்டும் வண்டியை நிமிர்த்தும், அவ்வளவுதான். ஆர்சியில் உள்ள மொத்த எடை அதனால் ஒரு கிலோகூட ஏறாது. பிரேக்கும் ஆக்சிலும் பழையவைதானே.

கேரியரில் எவ்வளவு வைக்கலாம் என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும், பல வண்டிகளுக்கு 75, 100 கிலோதான், கேரியரின் எடையும் அதில் சேர்ந்தது. கூரைக் கூடாரமே 50, 60 கிலோ வரும். தொப்பூர் இறக்கத்தில் மேல்பாரம் உள்ள வண்டி எப்படிச் சாயும் என்று அந்தச் சாலையில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர், டூல்ஸ், பேட்டரி எல்லாம் தரையோடு இருக்கட்டும், மேலே போவது பாயும் பந்தலும் மட்டும். மொத்த உயரத்தை அளந்து முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவையுங்கள், ரயில்வே சுரங்கப்பாதையில் யோசிக்க வேண்டியிருக்காது.

டயர் கம்பெனி அளவிலேயே ஆல் டெரெய்ன் வகை. காற்றைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் முழு லோடுக்கு எழுதிய அளவுக்கு ஏற்றுங்கள். சீமைக் கருவேல முள் எந்த டயரையும் விடாது. டியூப்லெஸ் பஞ்சர் கிட், 12 வோல்ட் கம்ப்ரசர் இரண்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், கட்டிலுக்கு அடியில் கடைசி மூலையில் இருந்தால் மழையில் எல்லாவற்றையும் இறக்க வேண்டியதுதான்.

சோதனை ஓட்டம்

லடாக், ஸ்பிதி என்று கிளம்பும் முன் இரண்டு இரவு சொந்த மாவட்டத்திலேயே ஓட்டுங்கள். முழு லோடோடு வத்தல்மலையின் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கினால் எந்த இழுப்பறை திறக்கிறது, எது உருள்கிறது என்பது தெரிந்துவிடும். இறங்கும்போது சின்ன கியர். அடிவாரத்தில் பிரேக் கருகும் வாசனை வந்தால் பாரம் கூடியிருக்கிறது அல்லது பிரேக்கிலேயே கால் இருந்திருக்கிறது. முதல் இரவை நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கில் கேட்டுக்கொண்டு லாரிகளுக்குப் பக்கத்தில் கழியுங்கள். கழிப்பறை, வெளிச்சம், ஆள் நடமாட்டம் மூன்றும் கிடைக்கும்.

அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் காடு அழகாக இருக்கிறது என்று சாலையோரம் ஒதுங்கிப் படுத்துவிடாதீர்கள். அங்கெல்லாம் காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள். அனுமதியின்றித் தங்குவது குற்றம். யானை வரும் வழியும் அதுவே, வண்டிக்குள் கிருஷ்ணகிரி மாம்பழக் கூடை இருந்தால் அதற்கு அழைப்பே வேண்டாம்.

200 கிலோமீட்டர் ஓடியதும் சட்டத்தின் ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், அவற்றில் பாதி போல்ட்டுகள் கால் சுற்றாவது சுற்றும். இறுக்கிய பிறகு தலையிலிருந்து தகடு வரை பெயின்ட் மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் கண்ணிலேயே தெரியும். ஒயர் லக்குகளை ஃபிரிட்ஜ் ஓடும்போது கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் கிரிம்ப் சரியில்லை.

பிறகு தண்ணீர், டீசல், மளிகை, ஆட்கள் எல்லாம் உள்ளே இருக்க, பழைய எடை மேடைக்கே திரும்பப் போங்கள். மொத்தம், முன், பின் என்று மூன்று சீட்டு. பின் ஆக்சிலின் எடை, வண்டித் தகட்டில் அதற்குப் போட்டிருக்கும் அளவைத் தாண்டியிருந்தால் தண்ணீர்க் கேன்களை முன்னிருக்கைக்குப் பின்னால் நகர்த்துங்கள். மொத்தம் தாண்டியிருந்தால் நகர்த்திப் பயனில்லை, இறக்கத்தான் வேண்டும். இறக்குவதை மேலே கேரியரிலிருந்து தொடங்குங்கள்.